வால்வு பொருத்திய பின் மாத்திரையின் அளவை யார் சொல்வது?

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் இதய அறுவை சிகிச்சைத் துறைத் தலைவருக்கும்,

வணக்கம். என் தந்தையின் இதயத்தில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே, இயந்திர வகைச் செயற்கை மைட்ரல் வால்வு பொருத்தப்பட்டதும் சென்ற மாதம் நேர்ந்ததும் தாங்கள் அறிந்தவையே; என் புகார் மனு தங்கள் கோப்பில் இருக்கிறது. இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் முடிவு வந்த அன்றே அதைப் பார்த்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் அளவைச் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

அறுவையில் குறை சொல்ல எதுவுமில்லை. வயது, இதயத்தின் இடது கீழறை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது, நுரையீரல் நாளங்களில் அழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தே நாள் குறித்தீர்கள். அந்தக் கவனத்துக்கு நன்றி. ஆனால் இயந்திர வால்வு பொருத்தியவருக்கு, வீடு திரும்பிய பிறகு ஐ.என்.ஆர். எவ்வளவு காலம் சரியான எல்லைக்குள் நிற்கிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கும் காரணம் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாங்கள் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘ஐ.என்.ஆர். பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ளவும்.’ மாற்றிக்கொள்ள வேண்டியவர் யார்? ஒருநாள் ஒரு மாத்திரை, மறுநாள் பிளேடால் வெட்டிய ஒன்றரை மாத்திரை என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கும் என் தாயாரா?

சென்ற மாதம் சிறுநீர்த் தொற்றுக்காக வேறொரு மருத்துவர் கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதிக் கொடுத்தார். அது வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டும் என்று எங்களிடம் எவரும் சொல்லவில்லை. 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். 6.2 என்று மாலையில் முடிவு வந்தபோது, பல் துலக்கினாலே ஈறில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வார்டில் கேட்டால் புறநோயாளிப் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே கேட்டால், குறித்த தேதியில் வாருங்கள் என்றார்கள். அன்றிரவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என் தந்தை உட்கார்ந்திருந்தார். விழுங்கினால் மூளையில் இரத்தம் கசியுமோ என்ற பயம். நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளுமோ என்ற பயம். இரண்டுமே நடக்கக்கூடியவை. அந்த முடிவை எடுக்கும் தகுதி எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை.

அறுவைக்குப் பின் 30 நாள்களுக்குள் நேரும் மரணங்களைத்தான் அறுவையின் கணக்கில் சேர்ப்பது வழக்கம். 31ஆம் நாள் முதல் நோயாளி தன் சொந்தப் பொறுப்பில் உயிர் வாழலாம் போலும். தங்கள் முகப்பில் தொங்கும் பெரிய பலகையில் இத்தனை வால்வுகள் வெற்றிகரமாக மாற்றப்பட்டன என்றிருக்கிறது. மாற்றிக்கொண்டவர்களில் எத்தனை பேரின் ஐ.என்.ஆர். இன்று எல்லைக்குள் இருக்கிறது என்பதையும் அதன் கீழே எழுதிவைத்தால் படிக்க ஆவலாக இருப்போம்.

வார்த்தை சற்றுத் தடித்துவிட்டது, பொறுத்தருளுங்கள். நாங்கள் புதிய கட்டடமோ புதிய கருவியோ கேட்கவில்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியரோ மருந்தாளுநரோ, அவருக்கு மேலே ஐயம் கேட்க ஒரு மருத்துவர், மாலையிலும் விடுமுறையிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் இருந்தால் போதும். எந்தெந்த மருந்துகள் வார்ஃபரினோடு மோதும், பல் பிடுங்கும் முன் நோய்த்தொற்றுத் தடுப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பவற்றை எழுதிய அட்டை ஒன்றையும் வீடு திரும்பும் நாளிலேயே நோயாளியின் கையில் கொடுத்துவிடுங்கள். ஆனால் அட்டையைக் கொடுத்துவிட்டு ஆளை நியமிக்காமல் விட்டுவிடாதீர்கள். இரவில் அளவைக் கேட்டால் அட்டை பதில் சொல்லாது.

ஐ.என்.ஆர். முடிவு வந்த அன்றே அளவைச் சொல்லும் ஒருவரை எப்போது நியமிப்பீர்கள் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நோயாளி ஒருவரின் மகள்