நம் ஊரில் எடுத்த பாட்டுகள்

சிங்கப்பூர்,
தீபாவளிக்கு முந்திய வாரம்

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே, பெர்த்தில் உன்னைத் தாங்கிப் பிடிக்க நாங்கள் யாரும் இல்லை. இங்கே எல்லோரும் சுகம். ராணி இன்னும் பாலர் பள்ளி வேலையை விடவில்லை. நான்தான் வெட்டி. காலையில் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிவிட்டு வருவதே உத்தியோகம்.

பேத்திக்குப் போட்டுக் காட்ட, சிங்கப்பூரில் எடுத்த படங்களிலிருந்து பத்துப் பாட்டு சொல் என்று கேட்டிருக்கிறாய். பத்தெல்லாம் வராது. எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன், சண்டைக்கு வராதே.

'பிரியா'வை விட்டுவிட்டு ஆரம்பிக்க முடியுமா? 1978. நாம் இருவரும் நேஷனல் சர்வீஸ் ராணுவப் பயிற்சியில் மொட்டைத் தலையோடு திரிந்த காலம். சுஜாதா லண்டனில் நடப்பதாக எழுதிய கதையைப் படமாக்கும்போது நம் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வக்கீல் கணேஷாக ரஜினி, பிரியாவாக ஸ்ரீதேவி. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாட்டுகள் அவை என்பார்கள். ஒரு பக்கம் கம்பிக் கருவிகள், இன்னொரு பக்கம் தாளம் என்று பிரித்துக் கேட்க நம்மிடம் ஏது இரண்டு ஸ்பீக்கர்! பக்கத்து புளோக் ஆறுமுகம் வீட்டுக்குப் போனால்தான் உண்டு.

அதில் 'அக்கரைச் சீமை அழகினிலே' பாட்டு முழுக்க நம் ஊர்ப் புகழ்ச்சிதான். எழுதியவர் பஞ்சு அருணாசலம், பாடியவர் யேசுதாஸ். இந்த ஊரில் வேலையில்லாதவர் ஒருவரும் கிடையாது, எங்கும் சந்தோஷம், சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் உறவுக்காரர்கள் மாதிரி வாழ்கிறார்கள் என்று போகும். அந்தப் பாட்டு ரேடியோவில் வரும்போதெல்லாம் எங்கள் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான். அப்போது அவனுக்கு வேலை இல்லை. அம்மா மட்டும் "பாடுறவன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்" என்று சொல்லி ரேடியோவை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

குறை சொல்லவில்லை. இளையராஜாவின் மெட்டுக்காக இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் விருந்துக்கு வந்தவர் வீட்டைப் புகழ்கிற பாட்டு அது. சமையற்கட்டுப் பக்கம் அவர் வரவே இல்லை.

அடுத்த வருஷமே 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது. பாலசந்தர் படம், கதை மறுபடியும் சுஜாதா. கமலும் ரஜினியும் இசைக்குழுவோடு கச்சேரி செய்ய இங்கே வருகிறார்கள். விஸ்வநாதன் அந்தப் படத்துக்கு எத்தனை மெட்டுப் போட்டிருக்கிறார் பார், இளையராஜா அலை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்! 'சம்போ சிவசம்போ'வை அவரே பாடினார். கண்ணதாசன் கணியன் பூங்குன்றனாரின் வரியை எடுத்து, 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்றே ஒரு பாட்டைத் தொடங்கியிருப்பார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். புறநானூற்று வரி கிதாரோடு கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, நீ சிரித்தாய்.

பேத்திக்கு 'எங்கேயும் எப்போதும்' கட்டாயம் போட்டுக் காட்டு. எஸ்.பி.பி.யின் குரலுக்கு அதில் என்ன வயசு! 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் ரீமிக்ஸ் ஆனபோது மலேசியாவின் யோகி பி அதில் ராப் சேர்த்தார். அவளுக்கு ஒருவேளை அதுதான் பிடிக்கும். பிடித்தால் திட்டாதே. 'நம்ம ஊரு சிங்காரி'யை நீயே ஆடிக் காட்டுவாய், முழங்கால் சரியான பிறகு.

அவளிடம் இன்னொன்றும் சொல். இந்த இரண்டு படமும் எடுத்தபோது சாங்கி விமான நிலையம் இல்லை, விமானம் பாயா லேபாரில் இறங்கும். எம்ஆர்டி ரயில் வர 1987 ஆயிற்று. மெர்லயன் சிங்கச் சிலை கூட இப்போது இருக்கிற இடத்தில் இல்லை, 2002இல்தான் அங்கே நகர்த்தினார்கள். நான் இப்போது இந்தப் படங்களைப் பார்த்தால் நாயகன் நாயகியைப் பார்ப்பதே இல்லை. பின்னால் போகிற பஸ்ஸையும், நின்று வேடிக்கை பார்க்கிற ஆளையும்தான் பார்க்கிறேன். ராணி ரிமோட்டைப் பிடுங்கிவிடுவாள்.

அப்புறம், தமிழ்ப் படமே அல்லாத ஒன்று. நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் 'கெத்தாரான் ஜிவா'. 1960இல் வந்த 'அந்தாரா டுவா டர்ஜாட்' என்ற மலாய்ப் படத்தில் வருவது. நம் பாலஸ்டியர் ரோட்டை ஒட்டிய ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவின் படம். அந்த ஸ்டுடியோவில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் எத்தனை பேர்! ரம்லிக்கு 1950இல் 'பக்தி' படத்தில் முதல் கதாநாயகன் வேஷம் கொடுத்தவர் எல். கிருஷ்ணன். 1967இல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள்.

அந்தப் பாட்டில் சிங்கப்பூர் என்ற பேரே கிடையாது. இசை உயிரை அதிரவைக்கிறது என்கிறார், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய் அத்தை, துணி காயப்போடும்போது முணுமுணுத்த பாட்டு, கோப்பிக் கடைச் சீனர் சொல் தெரியாமல் விசிலடித்த பாட்டு, உன் அப்பா குளித்துக்கொண்டே பாடிய பாட்டு அது. மூன்று இனமும் ஒன்றாக வாழ்வதாகச் சொல்லும் பாட்டைவிட இதில்தான் எனக்கு அந்த மூன்று வீடுகளும் கேட்கின்றன. ஒரே ஒரு பாட்டுதான் அனுப்பலாம் என்று நீ சொன்னால் இதைத்தான் அனுப்புவேன். தமிழ்ப் பற்று இல்லாதவன் என்று திட்டு, பரவாயில்லை.

பேத்திக்கு மலாய் தெரியாதே என்பாய். அந்தச் சீனருக்கும்தான் பாட்டின் சொல் தெரியவில்லை.

தைப்பூசத்துக்கு வருவதாக எழுதியிருந்தாயே, டிக்கெட் போட்டாயா? முன்கூட்டியே தேதி சொல். சின்ன அறையில் பெட்டிகளாகக் கிடக்கிறது, காலி செய்ய வேண்டும். ஆறுமுகம் இப்போது ஈசூனில் மகனோடு இருக்கிறான், காது கொஞ்சம் மந்தம். நீ வந்தால் அவனையும் பார்த்துவிட்டு வருவோம்.

அன்புடன்,
செல்வம்