குடை பிடிச்ச அண்ணனுக்கு

நேத்து நுவரெலியாவுல பழைய சிப்மங்க் பயிற்சி ப்ளேன் பறந்தப்போ பக்கத்துல நின்ன பச்சை ஸ்வெட்டர் அண்ணனுக்குத்தான் இந்தப் பதிவு, பேர் கேக்க மறந்துட்டேன். 1951ல நம்ம விமானப்படைக்கு முதல்ல வந்த ரகம், அதுக்காகவே ஹட்டன்ல இருந்து விடிகாலை பஸ்ல நின்னுட்டே போனேன். கெமரா ஷட்டர் வேகத்த 1/2000 செக்கன்ல வச்சு எடுத்துத் தள்ளிட்டு இருந்தேன், அண்ணன் எட்டிப் பாத்துட்டு "தம்பி, ப்ளேன் மூக்குல சுத்துற காத்தாடி அப்பிடியே நிக்குதே, நூல்ல கட்டித் தொங்கவிட்ட பொம்ம மாதிரி"ன்னாரு. காத்தாடி சுத்துறது தெரிய, வேகத்த 1/125க்கு எறக்கி ப்ளேனோட சேர்ந்து இடுப்பத் திருப்பச் சொன்னாரு. முக்கால்வாசி போட்டோ ஆடிப்போச்சு, உள்ளதச் சொல்லணும்ல. தூறல் வந்ததும் (நம்ம ஊர்ல சொல்லவா வேணும்) தன் கெமராவ ஜாக்கெட்டுக்குள்ள வச்சுட்டு எனக்குக் குடை பிடிச்சாரு, அப்ப விழுந்த ஒரே ஒரு போட்டோவுல காத்தாடி வட்டமா சுத்துது, பைலட்டோட ஹெட்செட் கூடத் தெரியுது. ரொம்ப நன்றிண்ணே, பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன், பாத்தா ஒரு மெசேஜ் போடுங்க.