தலைகளை எண்ணிவிட்டுப் பிள்ளையைச் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என நம் கடற்கரை ஊர்களிலிருந்து கடல் கடந்து போவது புதிதல்ல. முன்பு ஆண்கள் தனியே போனார்கள். இப்போது மனைவியும் கைக்குழந்தையும் சேர்ந்து போகிறார்கள். வேலை, அறை, விசா எல்லாம் ஊர்க்காரர் மூலம் அமைந்துவிடுவதால், பகலில் குழந்தையை விடும் இடத்தையும் அதே வழியில் முடிவு செய்கிறார்கள். "நம்மூர் ராத்தா (அக்கா) ஒருத்தர் ஃபிளாட்ல பிள்ளைகளைப் பார்த்துக்கிறாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும். அறை பிடிக்க இது நல்ல வழிதான். குழந்தை விஷயத்தில் இதை நம்பிப் போகக் கூடாது என்று சொல்லவே இந்தக் கடிதம்.

அந்த ராத்தா தங்கமானவராகவே இருக்கலாம். ஆனால் உரிமம் இல்லாத வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்க ஆளில்லை. இன்று மூன்று பேர் இருக்கும் இடத்தில் ஆறு மாதம் கழித்து ஒன்பது பேர் இருப்பார்கள். அவருக்குக் காய்ச்சல் என்றால் மாற்று ஆள் கிடையாது, அன்று உங்கள் வேலைக்கு லீவுதான். விசா முடிந்து அவர் ஊர் திரும்பினால் ஒரே வாரத்தில் வேறு இடம் தேட வேண்டும். சட்டமும் இருக்கிறது. அமீரகத்தில் அனுமதியின்றி வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் அபராதம் 50,000 திர்ஹத்தில் தொடங்குகிறது. வேறொருவர் விசாவில் இருந்துகொண்டு பகலில் உங்கள் வீட்டுக்கு வந்து போகும் ஆயாவும் இதில் அடக்கம்.

ஆகவே முதல் கேள்வி உரிமம். துபாயில் அதைக் கொடுப்பது கே.எச்.டி.ஏ. என்னும் கல்வி ஆணையம், அபுதாபியில் அடெக் என்னும் கல்வித் துறை, சிங்கப்பூரில் 2013-ல் அமைந்த ஈ.சி.டி.ஏ. என்னும் மழலைப் பருவ வளர்ச்சி அமைப்பு. மலேசியாவில் 4 வயதுக்கு உட்பட்டோர் போகும் இடம் தஸ்கா. அதற்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நலத்துறையின் பதிவு வேண்டும். 4 வயதுக்கு மேல் தடிக்கா என்னும் பாலர் பள்ளி. தடிக்காவின் பதிவைக் காட்டிக் கைக்குழந்தையையும் சேர்த்துக்கொள்ளும் இடங்களில் கவனம் தேவை.

அடுத்தது எண்ணிக்கை. சிங்கப்பூர் விதிப்படி 18 மாதத்துக்கு உட்பட்ட 5 குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். 30 மாதம் வரை 8 பேருக்கு ஒருவர், 3 வயது வரை 12 பேருக்கு ஒருவர். மலேசியாவில் இன்னும் கறார்: ஒரு வயதுக்குள் 3 பேருக்கு ஒருவர், 1 முதல் 3 வயது வரை 5 பேருக்கு ஒருவர். இதைக் காகிதத்தில் எல்லோரும் காட்டுவார்கள். நேரில் எண்ணுவதற்கு என்று ஒரு நேரம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். அப்போது எல்லா ஊழியரும் இருப்பார்கள், பிள்ளைகளும் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். பகல் பன்னிரண்டரைக்குப் போங்கள். ஊழியர்கள் முறைவைத்துச் சாப்பிடப் போயிருக்கும்போது தூங்கும் பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள் என்பது தெரியும். முடிந்தால் மாலை ஐந்தரைக்கு இன்னொரு முறை போங்கள். பாதி ஊழியர் கிளம்பிய பின் மூன்று வகுப்பையும் ஒரே அறையில் சேர்த்து உட்காரவைக்கும் நேரம் அது. சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டு வேளைகளில்தான். சுவரில் வரைந்த யானையும் வாசலில் தொங்கும் கேமராவும் இதற்கு ஈடாகாது. கேமராவில் பார்த்து நீங்கள் பதறலாம், தூக்க முடியாது.

போன இடத்தில் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். பால் புட்டியில் பெயரும் நேரமும் எழுதி ஒட்டியிருக்கிறதா? டயப்பர் மாற்றும் மேசைக்குப் பக்கத்திலேயே கை கழுவும் குழாய் உண்டா? கைக்குழந்தைகளை மல்லாக்கத்தான் படுக்க வைக்கிறார்களா? மருந்து கொடுக்க எழுத்தில் சம்மதம் கேட்கிறார்களா? கேட்பவரிடம் சலித்துக்கொள்ளாதீர்கள், கேட்காதவரிடம் விடாதீர்கள். வளைகுடா வெயிலில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேனில் அனுப்பாமல் இருப்பதே நல்லது. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், எல்லோரும் இறங்கிய பின் கடைசி இருக்கை வரை நடந்து பார்ப்பது யார் பொறுப்பு என்று கேளுங்கள். சொந்தக் கார் என்றால் அமீரகத்தில் 4 வயது வரை குழந்தை இருக்கை கட்டாயம். தவறினால் 400 திர்ஹம் அபராதம். சிங்கப்பூரில் 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகையும் முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் கொடுக்கும் ஹலால் சான்றும் ஒன்றல்ல. சமையலறைக்கு எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தில் ஏமாறுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கணக்கைக் கேட்டுத்தான். சிங்கப்பூர்க் குடிமகன் தன் குழந்தைக்குக் கட்டும் தொகை அரசு மானியம் போக மிச்சம். வேலைக்குப் போகும் தாய்க்கு அடிப்படை மானியம் மட்டுமே மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கைக்குழந்தை என்றால் 600 வெள்ளி. டிபெண்டன்ட் பாஸ் என்னும் குடும்ப விசாவில் போகும் நம் பிள்ளைக்கு அதில் ஒரு காசு கிடையாது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளிலும் இடம் இல்லை. மானியம் கழிக்காத முழுக் கட்டணத்தைக் கேளுங்கள். முன்பணம், விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, விடுமுறை மாதத்துக்கும் கட்டணமா, தாமதமாக அழைக்க வந்தால் என்ன வாங்குவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துபாயில் பல நர்சரிகளின் சாதாரண நேரம் பகல் ஒரு மணியோடு முடிந்துவிடும். அதற்குமேல் தனிக் கட்டணம்.

குடும்பத்தை அழைக்கச் சம்பள வரம்பு உண்டு: அமீரகத்தில் 4,000 திர்ஹம், அல்லது வீட்டோடு சேர்த்து 3,000, சிங்கப்பூரில் மாதம் 6,000 வெள்ளி. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைக்கவே முடியாது. "உம்மம்மாவை (பாட்டியை)க் கூட்டிக்கலாம்" என்ற திட்டமும் நெடுநாள் நிற்காது. அமீரக விசிட் விசா குறுகிய காலத்துக்குத்தான். சிங்கப்பூரில் பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ளச் சம்பளம் 12,000 வெள்ளி வேண்டும்.

இனி இங்கேயே முடிக்க வேண்டியவை. பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 12 மாதம் வரை கட்டணமில்லை. அதன் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சான்றை லேமினேட் செய்துவிடாதீர்கள், சான்றொப்ப முத்திரை குத்த இடமிருக்காது. சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர் என்று வேறுபட்டால் எல்லா மேசையிலும் நிறுத்துவார்கள்.

தடுப்பூசி அட்டை இதைவிட முக்கியம். 2019 பிப்ரவரி 1 முதல், வெளிநாட்டில் பிறந்த 12 வயது வரையுள்ள பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான், தட்டம்மை ஊசி போட்டதைச் சரிபார்த்த பின்பே சிங்கப்பூர் பாஸுக்கு விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. நம் அரசு அட்டவணையில் தட்டம்மை ரூபெல்லா முதல் ஊசி 9 மாதத்தில்; சிங்கப்பூரில் 12 மாதத்தில், அதுவும் புட்டாளம்மைக்கும் (பொன்னுக்கு வீங்கி) சேர்த்து. இடைவெளியை இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கிளம்புமுன் சரிசெய்யுங்கள். சுகாதார நிலையத்தில் எழுதித் தரும்போது நாள், மாதம், ஆண்டு மூன்றும் தெளிவாக, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு கேட்டு வாங்குங்கள். வெறும் 'டிக்' அடித்த அட்டை செல்லாது.

அமீரகத்தில் ஏப்ரலில் தொடங்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் மார்ச் 31-க்குள் 4 வயது நிறைந்தால்தான் கே.ஜி.1. ஏப்ரல், மே மாதம் பிறந்த பிள்ளைக்கு நர்சரி ஓராண்டு கூடவே ஓடும். அந்தச் செலவை இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

பிள்ளையையும் பழக்க வேண்டும். கல்யாணமான பெண் உம்மா வீட்டிலேயே இருக்கும் வழக்கமுள்ள நம் தெருக்களில் ஒரு குழந்தையை ஏழெட்டுக் கைகள் தூக்குகின்றன. தூளியில் ஆட்டித்தான் தூக்கம். ஆட்டுக்குட்டியைக் காட்டித் தெருவெல்லாம் நடந்துதான் சோறு. அங்கே தட்டையான மெத்தை, குட்டி நாற்காலி, கரண்டி. கிளம்ப ஆறு வாரம் முன்பே தூளியை அவிழ்த்துவிடுங்கள். உட்காரவைத்துத் தானே அள்ளிச் சாப்பிட விடுங்கள், இறைத்தால் இறைக்கட்டும். கொலுசு, வளையல், கழுத்துக் கயிறு எல்லாம் அங்கே கழற்றச் சொல்வார்கள்; கண்ணுக்குத் தீட்டும் சுர்மாவையும் இங்கேயே நிறுத்துங்கள், சிலவற்றில் ஈயம் இருக்கிறது.

வியாழன் இறங்கித் திங்கள் வேலைக்குப் போகும் திட்டம் வேண்டாம். முதல் நாள் தாயோடு ஒரு மணி நேரம், பிறகு தாய் இல்லாமல் ஒரு மணி, அப்புறம் மதியச் சாப்பாடு வரை, கடைசியாகத் தூக்கம் வரை என்று இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் சில மாதங்கள் சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். காய்ச்சலோடு சேர்க்க மாட்டார்கள், நடுப்பகலில் போன் வரும். ஓடிப்போய் அழைத்துவர யார் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே முடிவு செய்து, அவர் பெயரையும் அங்கே பதிந்து வையுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்குப் பதினைந்து, இருபது சொற்களை அவர் படிக்கும் எழுத்தில், பொருளோடு எழுதிக் கொடுங்கள்: தண்ணி, பசி, ஒண்ணுக்கு, வலிக்குது, உம்மா, வாப்பா. தமிழ் ஊழியர் இருந்தாலும் இது வேண்டும். கீழக்கரைப் பிள்ளை "காக்கா வேணும்" என்று அழுதால் அண்ணனைத் தேடுகிறான். தஞ்சாவூர்க்காரர் ஜன்னலைத் திறந்து வானத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
குடும்பத்தோடு வெளிநாடு செல்வோருக்கு உதவும் தன்னார்வலர்கள்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்