பதினோரு இளநீர்

அன்புள்ள அம்மிணிக்கு,

கோவையில் ஸ்கேட்டிங் ஸ்லாலம் போட்டி, அதாவது வரிசையாக வைத்த சின்னக் கோன்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடும் போட்டி, முடிந்து திரும்பும்போது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அவிநாசி தாண்டியதும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாய். நானும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல் ஓட்டம் 6.1 வினாடி. இரண்டு கோன் சாய்ந்தது, ஒன்றுக்கு 0.2 வினாடி அபராதம், ஆக 6.5. அடுத்த ஓட்டத்தில் ஒரு கோன்கூட அசையவில்லை, ஆனால் 7.2, அதாவது 0.7 வினாடி அதிகம். "சுத்தமாகத்தானே ஓடினேன் மாமா" என்று அழுதாய். அந்தச் சுத்தத்துக்கு நீ கொடுத்த விலை மூன்றரைக் கோன், கண்ணு! நான்கு வரை தட்டினாலும் ஓட்டம் செல்லும். ஐந்தாவதில்தான் வெளியே அனுப்புவார்கள்.

கோனைத் தொடுவதே பாவம் என்று உனக்கு யார் சொன்னார்கள்? 1922-இல் சுவிட்சர்லாந்தின் மூரன் ஊரில் ஆர்னால்ட் லன் என்பவர் இன்றைய பாணிப் பனிச்சறுக்கு ஸ்லாலத்தைத் தொடங்கி வைத்தார். இப்போதைய வீரர்கள் கம்பத்தைக் கையால் அடித்துச் சாய்த்துக்கொண்டேதான் இறங்குகிறார்கள். கம்பங்கள் குறிக்கும் வாயிலுக்குள் இரண்டு பாதமும் போனால் சரி. படகு ஸ்லாலத்தில் கம்பத்தில் உரசினால் 2 வினாடி, வாயிலையே விட்டுவிட்டால் 50. உரசலும் விடுதலும் ஒன்றல்ல என்பது அந்த விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தப்பு என்னுடையதும்தான். காசு மிச்சம் என்று நூல் சுற்றி வரும் காலிக் கோனை வரிசையாக அடுக்கிப் பழக்கினேன். அது ஒரு சாண் உயரம், ஷூவின் பக்கவாட்டிலேயே இடிக்கும். போட்டியில் வைக்கும் கோன் அதில் பாதிகூட இல்லை. இல்லாத சுவருக்குப் பயந்து நீ காலை அகட்டி அகட்டி வளைத்தாய்.

இன்னொன்றும் பார்த்தேன். முகவாய் மார்பில் ஒட்ட, காலடியில் இருக்கும் கோனையே பார்த்துக்கொண்டு வந்தாய். காதர்பேட்டைச் சந்தில் டிவிஎஸ் 50-இல் பனியன் பண்டல் ஏற்றிப் போன காலத்தில் எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. முன்சக்கரம் எப்படியும் நுழைந்துவிடும். இருபுறமும் பிதுங்கி நிற்கும் பண்டல்தான் மாட்டும். ஒருநாள் இளநீர் வண்டியில் மோதிவிடக் கூடாதே என்று அதையே பார்த்தபடி ஓட்டி, நேராக அதன் மேலேயே போய் விழுந்தேன். பதினோரு இளநீருக்குக் காசு கொடுத்தேன். அதற்குப் பிறகு வண்டியைப் பார்ப்பதில்லை, அதைத் தாண்டிய வழியைத்தான் பார்ப்பேன். உன் அம்மாவும் லைசென்சுக்கு எட்டுப் போடும்போது தரையைப் பார்த்துத்தான் காலை ஊன்றினாள். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

உனக்கும் மூன்று கோன் தள்ளியே கண் இருக்கட்டும். காலடியில் இருப்பதைக் கால் பார்த்துக்கொள்ளும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு குடோன் முற்றத்தைக் கூட்டி வை. இஞ்ச் டேப்பும் சாக்பீசும் கொண்டுவருகிறேன். ஓடிவர 12 மீட்டர், பிறகு 80 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருபது. நூல் கோன் வேண்டாம். டீக்கடையில் பேப்பர் கப் வாங்கி வைத்திருக்கிறேன், கவிழ்த்துக்கொள்ளலாம். தாமதமாக எழாதே, பொழுது ஏறினால் பாலக்காட்டுக் காற்று கப்பையெல்லாம் பல்லடம் ரோட்டுக்குக் கொண்டுபோய்விடும்.

முதல் நாலு ஓட்டத்திலும் ஒவ்வொன்றுக்கு இரண்டு கப்பாவது தட்டித்தான் ஆக வேண்டும். நான் எண்ணுவேன்.

உன் மாமா
திருப்பூர்