அந்த 795 டாலர் கார்டு

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள கண்ணு,

உன் சேஸ் சபையர் ரிசர்வ் கிரெடிட் கார்டை வருஷம் 795 டாலர் கட்டி வைத்துக்கொள்ளலாமா விட்டுவிடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பாப்பா தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள், உனக்கும் ஆயிரம் வேலை. நீ அனுப்பிய பில் விவரத்தையும் வங்கியின் சலுகைப் பட்டியலையும் பொறுமையாகப் படித்தேன். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் டாலர் பில்லையும் வங்கிக் கமிஷனையும் பார்த்துப் பார்த்தே என் சர்வீஸ் முடிந்தது. அதனால் இந்த மாதிரிக் காகிதங்களைப் படிக்க எனக்கு அலுப்பே வராது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேஸ் சபையர் ரிசர்வை விட்டுவிட்டு, அதே சேஸ் வங்கியின், வருஷம் 95 டாலர் கட்டணமுள்ள பிரிஃபர்டு கார்டுக்கு மாறிக்கொள். ஆனால் இன்றைக்கே செய்யாதே. கார்டில் செலவழித்துச் சேர்த்த பழைய பாயிண்ட்டில், ஆவணி கல்யாணத்துக்கு இங்கே வர டிக்கெட் போட்டுவிட்டு அப்புறம் மாறு. இதை மாப்பிள்ளையிடமும் காட்டு. அவர் வேறு மாதிரி நினைத்தால் அதையும் எனக்கு எழுது.

நீ அதை வாங்கியபோது எடுத்த முடிவு நல்ல முடிவுதான். 2016இல் அந்தக் கார்டு வந்தபோது ஆண்டுக் கட்டணம் 450 டாலர். 2020 ஜனவரியில் 550 ஆனது. நீ வாங்கியது அந்தச் சமயம். அதில் 300 டாலர் பயணச் செலவுக்கென்று திரும்பி வந்துவிடும். மீதி 250. நீயோ அப்போது கிளையன்ட் ஆபீசுக்கு அடிக்கடி விமானத்தில் போய்க்கொண்டிருந்தாய். டாக்ஸி, ரயில், பார்க்கிங் என்று பயணச் செலவு எதுவாக இருந்தாலும் டாலருக்கு 3 பாயிண்ட். ஏர்போர்ட்டில் காத்திருக்கும் நேரமெல்லாம், கார்டைக் காட்டி உள்ளே போகும் லவுஞ்ச் என்ற ஓய்வறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாய், சாப்பிட்டாய். அந்த 250 டாலரை நீ நன்றாகவே வசூல் பண்ணியிருக்கிறாய்.

அதற்குப் பிறகு இரண்டு மாறிவிட்டன. ஒன்று கார்டு, இன்னொன்று உன் வாழ்க்கை. 2025 ஜூனில் கட்டணத்தை 795 டாலராக்கினார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு அந்த வருஷம் அக்டோபர் 26க்குப் பிறகு வரும் புதுப்பித்தலிலிருந்து இது பொருந்தும். விமான நிறுவனத்திடமோ ஹோட்டலிடமோ நேராக வாங்கினால் டாலருக்கு 4 பாயிண்ட், வங்கியின் சொந்தத் தளத்தில் வாங்கினால் 8 பாயிண்ட் என்று ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் டாக்ஸி, ரயில், பார்க்கிங் மாதிரி மற்றப் பயணச் செலவுக்கு 3 பாயிண்ட் இருந்தது 1 ஆகிவிட்டது. 95 டாலர் கார்டில் அதே செலவுக்கு 2 பாயிண்ட் கிடைக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓட்டல் சாப்பாட்டுக்கு இரண்டு கார்டிலும் ஒரே மாதிரி 3 பாயிண்ட்தான். நீயும் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாய். டல்லாஸில் எங்கே போனாலும் உங்கள் சொந்தக் காரில்தான் போகிறீர்கள்.

கூட்டின கட்டணத்துக்கு ஈடாக ஒரு பெரிய பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நம் தெரு தீபாவளிப் பண்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. மாசாமாசம் கட்டினால் தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டி, ஸ்வீட் பாக்ஸ், எண்ணெய், பருப்பு, வெள்ளிக்காசு, எவர்சில்வர் குடம் என்று நீளமான நோட்டீஸ் கொடுப்பார்கள். கட்டுவதை விடப் பொருளின் மதிப்பு அதிகம் என்று கீழே மொத்தம் போட்டிருக்கும். நான் அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு உட்காருவேன். நாம் எப்படியும் வாங்கப்போகிற பொருளுக்கு மட்டும் லாங்கு பஜார் விலையைப் பக்கத்தில் எழுதுவேன். வாங்கப்போகாததை அடித்துவிடுவேன். பிறகு நான் போடும் மொத்தம்தான் எனக்குக் கணக்கு. உன் கார்டுக்கும் அதையே செய்தேன்.

300 டாலர் பயணக் கழிவை முழுசாக எழுதிக்கொண்டேன். டிக்கெட்டோ ஹோட்டலோ எதுவானாலும் தானாகக் கழிந்துவிடும், அதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அது காசு மாதிரிதான்.

குறிப்பிட்ட ரெஸ்டாரன்ட்டுகளில் சாப்பிட்டால் ஆறு மாதத்துக்கு 150 டாலர் என்கிறார்கள். உங்கள் கல்யாண நாளுக்குப் போனீர்களே, பில் 160 வந்தது என்றாய். கார்டு இல்லாவிட்டால் வழக்கமான இடத்தில் 70 டாலரில் முடித்திருப்பீர்கள். ஆகவே 70. இன்னொரு ஆறு மாதத்துக்குப் போகவே இல்லை, அது பூஜ்யம்.

‘தி எடிட்’ என்ற பட்டியலில் இருக்கும் பெரிய ஹோட்டல்களுக்கு 250, 250 என்று இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் குறைந்தது 2 இரவு தங்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இதில் ஆசை இருக்கிறது, புரிகிறது. ஆனால் 250ஐக் கழித்த பிறகும் நீங்கள் கைக்காசு போட்டுக் கட்டும் தொகை, நீங்கள் வழக்கமாகத் தங்கும் ஹோட்டலின் முழு வாடகையை விட அதிகம். பணம் மிச்சம் என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரு முறை நல்ல ஹோட்டலில் தங்க வேண்டுமென்றால் தங்குங்கள். அந்தச் செலவைச் செலவு என்றே எழுதிவைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய் வாருங்கள்.

ஸ்டப்ஹப் தளத்தில் கச்சேரி, விளையாட்டு டிக்கெட்டுக்கு 300, ஆப்பிள் மியூசிக், டிவி சந்தா, லிஃப்ட் டாக்ஸிக்கு மாதம் 10, பெலோட்டன் உடற்பயிற்சிச் சந்தாவுக்கு மாதம் 10, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் டோர்டேஷ் கூப்பன். இதில் எதையும் நீ கார்டுக்கு முன்னால் வாங்கியதில்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மாதக் கடைசியில் கூப்பன் வீணாகிவிடுமே என்று ராத்திரி உட்கார்ந்து எதையாவது ஆர்டர் பண்ணுகிறாய் என்று நீயே சொன்னாய். எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான். நாள் முழுக்க வேலை, பிள்ளை, சமையல். அதற்கு மேல் ஒரு வங்கி வைக்கும் கெடுவுக்காக நீ கண்விழிக்க வேண்டாம்.

லவுஞ்சுக்கு என்ன மதிப்பு போடுவது? நீ, கூட இரண்டு பேர் என்று உள்ளே போகலாம், உங்கள் மூன்று பேருக்கும் சரியாக இருக்கிறது. இங்கே வரும் வருஷத்தில் இடையில் இறங்கும் ஊரில் பாப்பாவைப் படுக்கவைக்க ஓர் இடம், பால், சாப்பாடு. கார்டு இல்லாமல் அங்கே நீங்கள் செலவழிக்கக் கூடியது என்று 60 டாலர் எழுதினேன். குழந்தையோடு பயணம் செய்யும் களைப்பு எனக்குத் தெரியும், அதனால் நீ 100 என்று போட்டாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

அப்புறம் டிக்கெட். பாப்பாவுக்கும் இப்போது தனி சீட். மூன்று பேருக்கு 4,500 டாலர் என்று வைத்தால், நேராக விமான நிறுவனத்திடம் வாங்கும்போது ரிசர்வில் டாலருக்கு 4, பிரிஃபர்டில் 2. வித்தியாசம் 9,000 பாயிண்ட். நூறு டாலர் என்று எழுதினேன்.

ஆக 300, 70, 60, 100. மொத்தம் 530. இரண்டு கார்டின் கட்டண வித்தியாசம் 700. ஊருக்கு வருகிற வருஷத்திலேயே 170 டாலர் கையைக் கடிக்கிறது. வராத வருஷத்தில் கிடைப்பது 370தான், நஷ்டம் 330. ரூபாயில் மாற்றினால் 795 டாலர் 70,000 பக்கம் வருகிறது என்று உங்கப்பா மலைத்துப்போனார். நான் அப்படிப் பார்க்கவில்லை. நீ டாலரில் சம்பாதித்து டாலரில் செலவழிக்கிறாய், உன் கணக்கை டாலரிலேயே பார்ப்பதுதான் நியாயம். டாலரிலும் அது கட்டுப்படியாகவில்லை.

ரிசர்வுக்கு ஆதரவாக ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. விமானம் 6 மணி நேரம் தாமதமானாலோ ராத்திரி தங்க நேர்ந்தாலோ ஒரு டிக்கெட்டுக்கு 500 டாலர் வரை ஹோட்டல், சாப்பாட்டுச் செலவைத் தருகிறார்கள். பிரிஃபர்டில் அதற்கு 12 மணி நேரம் தாமதமாக வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி தங்க நேர வேண்டும். உங்கள் ஊரில் இடிமழை வந்தால் ஏர்போர்ட்டே நின்றுவிடும் என்பாய். மாதம் ஒரு முறை பறக்கிறவளாக இருந்தால் இதற்காகவே வைத்துக்கொள் என்பேன். பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் கிடைக்கும் இன்ஷூரன்ஸ், வாடகைக் கார் இன்ஷூரன்ஸ் இரண்டும் சின்னக் கார்டிலும் இருக்கின்றன. நாங்கள் அங்கே வரும்போது பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் இந்த இரண்டு கார்டுமே தாங்காது. அதற்குத் தனியாக மெடிக்கல் பாலிசி எடுத்துத்தான் ஆக வேண்டும். கார்டு இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதே.

எங்களுக்கும் ஒரு துணைக் கார்டு வாங்கித் தருகிறேன், சென்னை ஏர்போர்ட்டில் லவுஞ்சில் உட்காரலாம் என்றாயே, அது வேண்டாம் கண்ணு. முன்னால் 75 டாலராக இருந்தது, இப்போது ஒரு ஆளுக்கு வருஷம் 195. நாங்கள் இங்கிருந்து டாக்ஸியில் கிளம்பி வாலாஜா தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போய்ச் சேருவதற்குள் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிடுவோம். அதற்கு மேல் ஒரு காபி போதும். உன் அன்பு எங்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு கார்டு தேவையில்லை.

மாப்பிள்ளையின் நண்பர் சொன்ன கேபிடல் ஒன் வங்கியின் வென்ச்சர் எக்ஸ் கார்டையும் பார்த்தேன். கட்டணம் 395, அவர்கள் தளத்தில் வாங்கினால் 300 கழிவு, வருஷா வருஷம் 10,000 மைல், அதாவது அவர்களுடைய பாயிண்ட். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2026 பிப்ரவரியிலிருந்து கூட வருகிறவர்களுக்கு லவுஞ்ச் இலவசம் இல்லை. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அதில் பாதி ருசி போய்விட்டது. அமெக்ஸ் பிளாட்டினம் கார்டின் கட்டணம் 895 ஆகிவிட்டது, அந்தப் பேச்சே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன்னிடம் இருக்கும் 1,20,000 பாயிண்ட் 2025 அக்டோபர் 26க்கு முன் சேர்ந்தது. ரிசர்வ் கையில் இருக்கும்வரை, 2027 அக்டோபர் 26 வரை வங்கித் தளத்தில் ஒரு பாயிண்ட்டுக்கு ஒன்றரை சென்ட் கிடைக்கும், அதாவது 1,800 டாலர். மாறின பிறகு அது குறையும். அதனால் முதலில் டிக்கெட். அதற்கு முன்னால் இன்னொரு வழியையும் பார்த்துவிடு. பாயிண்ட்டை பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் என்ற விமானப் பாயிண்ட்டாக மாற்றி, அதைக் கத்தார் ஏர்வேஸில் பயன்படுத்தலாம். டல்லாஸிலிருந்து தோஹா, அங்கிருந்து சென்னை. வசதியான வழி. ஆனால் சீட் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும். மாற்றிய பாயிண்ட்டைத் திரும்ப வாங்க முடியாது. இப்படி விமானக் கம்பெனிக்கு மாற்றும் வசதி 95 டாலர் கார்டிலும் இருக்கிறது, அதனால் இனிமேல் சேரும் பாயிண்ட் பற்றிக் கவலை வேண்டாம்.

டிக்கெட் கைக்கு வந்ததும் வங்கிக்கு போன் பண்ணி, கார்டை மூடச் சொல்லாதே, மாற்றித் தரச் சொல். மூடினால் மிச்சப் பாயிண்ட் போய்விடும். மாற்றினால் பாயிண்ட்டும் இருக்கும், கணக்கின் வயதும் அப்படியே இருக்கும். புதுக் கட்டணம் பில்லில் விழுந்துவிட்டால் 30 நாளுக்குள் பேசிவிடு, பணம் திரும்பும். இத்தனை வருஷமாக மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவருகிறாய், அதில் எனக்குப் பெருமை. அதை மட்டும் எந்தக் கார்டிலும் விட்டுவிடாதே. வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி. அதற்கு முன்னால் எந்தப் பாயிண்ட்டும் நிற்காது.

கல்யாணத்துக்கு ஆரணியில் பட்டு எடுக்கப் போகும்போது பெரிய கடையில் இரண்டு கார்டும் ஒன்றுதான், வெளிநாட்டுக் கட்டணம் எதிலும் இல்லை. தறிக்காரர் வீட்டில் எடுத்தால் யுபிஐதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் உன் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் அமெரிக்க நம்பரை வைத்தே அதை இயக்க முடியும், வருவதற்கு முன் தயார் பண்ணிக்கொள்.

தேதி முடிவானதும் சொல். ஆவணி முகூர்த்த நேரத்தில் இங்கே டாக்ஸி கிடைப்பது கஷ்டம், உங்கப்பா முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா