கொடிக்கு முன்னால் இரண்டு இடங்கள்

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம். வாசகர் வட்டத்தில் தற்குறிப்பேற்ற அணி, அதாவது இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது, பற்றிப் பேசப்போவதாக எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. கோவலனையும் கண்ணகியையும் வராதே என்று தடுக்கும் மதுரைக் கொடி எடுத்துக்காட்டு அலுத்துவிட்டது என்கிறாய். அதை மட்டும் பிய்த்தெடுத்துச் சொன்னால் அலுக்கத்தான் செய்யும்! சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையை எடு. கொடிக்கு முன்னால் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

முதலில் வையை, மதுரையின் ஆறு. கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவள்போல் மலராடை போர்த்து, 'கண்ணிறை நெடுநீர் கரந்தனள்', கண் நிறைந்த நீரை மறைத்து அடக்குகிறாள். கோவலனும் கண்ணகியுமோ 'புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு', இது நீர் ஆறு அல்ல, பூ ஆறு என்று வியந்து தொழுகிறார்கள். ஆறு எதை மறைக்கிறது என்று நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்து அகழி. குவளையும் ஆம்பலும் கமலமும் 'கண்ணீர் கொண்டு காலுற நடுங்க' நிற்கின்றன. கள் நீர் என்று பிரித்தால் தேன், சேர்த்தே படித்தால் அழுகை. கால் என்பது காற்று. அதற்குப் பிறகுதான் மதில்கொடி 'வாரல்', வராதே என்று கைகாட்டுகிறது. ஆறு மறைத்தது, பூ அழுதது, கொடி வெளிப்படையாகவே தடுத்துவிட்டது. ஊர் நெருங்க நெருங்க எச்சரிக்கை ஏறுகிறது. இளங்கோவின் கெட்டிக்காரத்தனம் இந்த வரிசையில்தான்.

கூட்டத்தில் யாராவது, "மூன்றிலும் 'போல்' வருகிறதே, உவமைதானே?" என்று கேட்பார்கள். 'போல்' என்ற உருபை மட்டும் பார்த்து அணி சொன்னால் இப்படித்தான் சறுக்கும். உவமைக்கு இரண்டு பொருள் வேண்டும். இங்கே இருப்பது ஒரே பொருள், இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சி, அதன்மேல் கவிஞர் தன் குறிப்பால் ஏற்றும் ஒரு காரணம். இயல்பான காரணத்தை முதலில் சொல்லிப் பார்: காற்றில் கொடி அசைகிறது. பிறகு ஏற்றிய காரணம்: வராதே என்கிறது. முதலாவது கிடைக்காவிட்டால் அது வேறு அணி.

நேரமிருந்தால் கம்பரையும் பக்கத்தில் வை. மிதிலைக் கொடிகள் இராமனை 'ஒல்லை வா', விரைந்து வா என்று அழைக்கின்றன. காற்றில் ஆடும் அதே நகரக் கொடிதான், கதை போகும் திசைக்கேற்பச் சைகை தலைகீழாகிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் நூற்பாவைக் கடைசியில் சொன்னால் போதும், முதலிலேயே சொன்னால் பாதிப்பேர் கொட்டாவி விடுவார்கள்.

அந்தக் 'கண்ணீர்' வரியை மட்டும் இரண்டு முறை வாசி, முதலில் பிரித்து, பிறகு சேர்த்து.

அன்புடன்,
செல்வம்