கற்றாழை தடவலாமா? சோதித்துச் சொல்லுங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு, வணக்கம்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க, புதுச்சேரிக்குப் பேருந்தில் அவளோடு போய்வந்தது நான்தான். மூன்றாவது வாரம் அக்குள் மடிப்பில் தோல் கறுத்தது. அப்புறம் வெந்த கிழங்குத் தோல்போல உரிந்து, நீர் கசிந்து, நைட்டி அதில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் துணியைப் பிரித்தெடுப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் சும்மா இருப்பார்களா? அத்தை கொல்லையிலிருந்து கற்றாழை அறுத்துவந்தார். பக்கத்து வீட்டில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் என்றார்கள். அக்கா எல்லாவற்றையும் தடவினாள். டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை. கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போட்ட மார்க்கர் கோடு அழிந்தால் திட்டுவார்களோ என்று பயம். காத்திருக்கும் இடத்தில் பேச்சுக் கொடுத்தால் மற்ற பெண்களும் இதே கதைதான் சொன்னார்கள்.

இதையெல்லாம் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். பிரான்சில் 254 பெண்களிடம் செய்து 2004இல் வெளியான ஆய்வில், காலெண்டுலா பூக் களிம்பு தடவியவர்களில் 41 சதவீதத்தினருக்குத்தான் தோல் மிதமாகவோ கடுமையாகவோ பாதித்தது. வேறு களிம்பு தடவியவர்களில் 63 சதவீதம். ஆனால் 2013இல் வந்த சுவீடன் ஆய்வில் சாதாரண கிரீமைவிட அது மேல் என்று தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் கற்றாழை ஜெல் சாதாரண கிரீமிடம் தோற்றே போனது. மங்களூரில் 50 நோயாளிகளிடம் மஞ்சள், சந்தன எண்ணெய் கிரீம் ஓரளவு பலன் தந்தது. ஆனால் 50 பேர் போதாது.

சரி, நம் ஊரில்? தோல் எவ்வளவு சிவந்தது என்று பார்த்துத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். எங்கள் தோல் சிவப்பதில்லை, கறுக்கிறது. அதனால் எரிச்சலையும் தூக்கத்தையும் நோயாளியிடமே தமிழில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கொல்லைக் கற்றாழையின் மஞ்சள் பாலே தோலை அரிக்கும். சுத்தமாக, ஒரே அளவில் தயாரித்ததைத்தான் சோதிக்க வேண்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவுசெய்யுங்கள். பலன் இல்லையென்றால் அதையும் காத்திருக்கும் இடத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் சித்தி மகளுக்கு அடுத்த மாதம் கரண்ட் ஆரம்பம். அத்தை இப்போதே கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் என்ன சொல்லட்டும்?